மேசைமேல் ஒரு லேஸ் விரிப்பு



ஏற்காட்டிலிருந்து ஓர் இளம் சகோதரி எழுதிய கடிதம் பல நாள்களாக என் மேசைமேல் கிடந்தது. திருமணமாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. சேலம் நகரில் பிறந்து வளர்ந்து, மலைமேல் வாழ்க்கைப்பட்டுப் போனவர். மாமியார் நல்லவர், தம்மை மகள்போல் நடத்துகிறவர் என்று முதல் பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். அவ்வளவு நீளமாகப் புகழ்ந்திருந்ததைக் கண்டதுமே இரண்டாம் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவ்வீட்டில் எங்கு நோக்கினும் லேஸ் விரிப்பாம். நாற்காலியின் சாய்விலும் இரு கைகளிலும், முக்காலியின்மேல், வானொலிப் பெட்டியின்மேல், குளிர்சாதனப் பெட்டியின்மேல், தண்ணீர்க் கூசாவின்மேல், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு அடியில் என எண்ணிப் பார்த்ததில் 31 இருந்தனவாம். மலையின் மூடுபனியில் துவைத்த துணி எளிதில் காய்வதில்லை. விரிப்புகளில் கரும்புள்ளிகள் விழுந்து, கூடம் முழுவதும் ஒருவகைப் பூஞ்சை நெடி அடித்திருக்கிறது. "இதையெல்லாம் யார் துவைப்பது, அத்தை?" என்று இரண்டொரு முறை கேட்டும் பார்த்திருக்கிறார். மாமியார் மருத்துவரைக் காணச் சேலத்துக்கு இறங்கிய ஒரு நாளில், எல்லாவற்றையும் திரட்டி ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு, பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வணிகரிடம் பேசியிருக்கிறார். அவர் ஓர் எவர்சில்வர் தூக்குப்பாத்திரம் தருவதாகச் சொன்னார். பேரம் முடியுமுன் மாமியார் வீடு திரும்பிவிட்டார். பெட்டியைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. ஆனால் அன்றுமுதல் அவர் கூடத்தில் அமர்வதில்லை. அடுக்களையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார்.

"அக்கா, வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ள எண்ணியது குற்றமா?" என்று கடிதம் முடிந்திருந்தது.

இதற்கு உடனே ஒரு பதில் எழுதத்தான் இருந்தேன். பழையன கழிதல் பற்றி ஒரு பத்தி, பெரியோரை மதித்தல் பற்றி ஒரு பத்தி, இரண்டையும் சேர்த்து ஓர் ஆசி. நல்ல வேளையாக எழுதவில்லை. தை மாதத்தில் ஒரு தியானத்துக்காக நானே ஏற்காட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மலையில் துறவற சபைகளின் இல்லங்கள் பல இருப்பதை நீங்கள் அறிவீர்கள். தியானம் முடிந்த மறுநாள், அந்த வீட்டின் கதவைத் தட்டினேன்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 5000 அடி உயரத்தில் நிற்கிறது ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. அதன் பின்னால் எஸ்டேட் பங்களாக்களும், அவற்றுக்குள் ஐரோப்பியக் குடும்பங்களின் மெருகேற்றிய மேசைகளும் வந்தன. நான் சென்றபோது காப்பிப் பழம் பறிக்கும் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அவ்வீடு பங்களா அன்று. எஸ்டேட் கணக்கராயிருந்தவர் ஓய்வுபெற்றபின் கட்டிய சிறு ஓட்டு வீடு. மாமியார் என்னை வரவேற்று, காப்பி கலந்து கொடுத்தார். வெறும் மேசைமேல் தம்ளர் வைக்கப்பட்டது. அதன் அடியில் ஈரம் வட்டமாய்ப் பதிந்ததை இருவருமே பார்த்தோம், இருவருமே பேசவில்லை.

பிறகு நானே அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். மருமகள் தயங்கிக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லேஸ் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை ஒரே பொருள் அல்ல. அப்பெட்டியிலேயே மூன்று வகை இருந்தன. 16 விரிப்புகள் கடையில் வாங்கிய இயந்திர லேஸ், பெரும்பாலும் நைலான். ஒன்றின் பூவும் மற்றொன்றின் பூவும் அச்சுப்போல் ஒத்திருக்கும். வெட்டிய ஓரத்தில் மயிர்போல இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஐயமிருந்தால் ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தியாயின் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். நைலானாயின் உருகி ஒரு மணியாகக் கெட்டியாகும். அடுத்த 11 விரிப்புகள் குரோஷா ஊசியால் பின்னியவை. கொக்கி வைத்த ஒற்றை ஊசி, ஒரே நூல். சங்கிலிக் கண்ணிலிருந்து கண் எடுத்து வட்டம் வட்டமாக வளர்ப்பது. கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தால் விரிப்பு முழுவதும் மறுபடி நூலுருண்டையாகிவிடும். அவற்றை மாமியாரே தம் இளமையில் பின்னியிருக்கிறார்.

மீதி நான்கு இருந்தன. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை, பழுப்பேறியவை. அவற்றில் கண்களும் இல்லை, சங்கிலியும் இல்லை. நூல்கள் நெசவுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, பிரிந்து, மீண்டும் கூடின. அவற்றைக் கையில் எடுத்ததும் மாமியார் முதன்முறையாக வாய் திறந்தார். "அது எங்க அம்மா போட்டதுங்க."

அவருடைய தாயார் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பெற்றோரை இழந்து, முளகுமூட்டில் கன்னியர் மடத்தின் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்குதான் லேஸ் கற்றார். திருமணத்துக்குப் பின் கணவருக்கு எஸ்டேட்டில் வேலை கிடைக்கவே, குமரி முனையிலிருந்து சேர்வராயன் மலைக்கு வந்து சேர்ந்தார்.

முளகுமூட்டின் பெயரைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. தமிழ்நாட்டில் லேஸின் வரலாறு அந்தத் தென்கோடியில்தான் தொடங்குகிறது. முதலில் தொடங்கியவர்கள் நம் பிரிந்த சகோதரர்கள் என்பதை மனமுவந்து சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த அவர் துணைவியார் மார்த்தா மால்ட், பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளி நடத்தி, 1820களின் தொடக்கத்தில் அங்கே லேஸ் பின்னலைக் கற்பித்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி நடந்து வந்தது. அது ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அப்பள்ளியின் பெண்களில் அடிமைகளாயிருந்த சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். வரவேற்பறை மேசைக்கு அழகு என்று நாம் நினைக்கும் பொருள், அதைச் செய்தவளுக்கு அவள் உடலையே மீட்டுக் கொடுத்திருக்கிறது.

கத்தோலிக்கர் பக்கம் இது வேறொரு வழியில் வந்தது. பெல்ஜியம் நாட்டில் பிளாண்டர்ஸ் என்றொரு பகுதி உண்டு. பல நூற்றாண்டுகளாக லேஸுக்குப் பெயர்பெற்ற நிலம். அங்கு ரூசலார என்னும் ஊரில் பிறந்த அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர் 1897 நவம்பரில் முளகுமூட்டுக்கு வந்து அநாதைப் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றார். ஐ.சி.எம். சகோதரிகள் என்று இன்று நாம் அறியும் மறைபரப்புச் சபை அந்தச் சிற்றூரில்தான் முளைத்தது. தம் நாட்டுப் பெண்களின் கைத்தொழில் இந்தப் பிள்ளைகளுக்கும் சோறு போடட்டும் என்று கன்னியர் கருதியது இயல்புதானே? அயர்லாந்தில் 1840களின் பெரும் பஞ்சத்தின்போது கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாவும் லேஸும் கற்பித்ததும் இதே எண்ணத்தால்தான். இன்னொரு பொருத்தமும் நினைவுக்கு வருகிறது: சேலம் மறைமாவட்டமும் கோட்டாறு மறைமாவட்டமும் 1930 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. முளகுமூடு அன்று கோட்டாற்றுக்கு உட்பட்டிருந்தது. இன்று குழித்துறை மறைமாவட்டத்தில் இருக்கிறது.

மருமகளுக்கு இவை எல்லாம் புதிது. "இது குளூனி லேஸ் என்று நினைத்தேன், அக்கா. இங்கே பள்ளி நடத்துகிற சகோதரிகள் கற்றுக்கொடுத்தது என்று" என்றார். பலருக்கும் இந்த மயக்கம் உண்டு. குளூனியின் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அங்கே அவர்களுடைய பூத்தையல் நிலையத்தின் மேசை விரிப்புகளை உங்களில் சிலர் வாங்கியும் இருப்பீர்கள். ஏற்காட்டிலும் நெடுங்காலமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி அளித்து வருகிறார்கள். ஆனால் குளூனி லேஸ் என்ற பெயர் பாரிஸ் நகரில் உள்ள குளூனி அருங்காட்சியகத்தால் வந்தது. அங்கிருந்த பழைய லேஸ் மாதிரிகளைப் பார்த்து அந்த வகையைப் பின்னினார்கள். சபையின் பெயரோ பர்கண்டியில் உள்ள குளூனி என்னும் ஊரால் வந்தது. அந்த ஊரின் மடாதிபதிகளுக்குச் சொந்தமான மாளிகையில் அருங்காட்சியகம் அமைந்ததால், சுற்றிச் சுற்றி இரண்டும் ஒரே வேரில் போய் முடிகின்றன என்பது வேறு கதை.

அந்த நான்கு விரிப்புகளுக்குத் திரும்புவோம். அவை எப்படிச் செய்யப்பட்டன என்று மாமியார் கட்டில்மேலேயே கைகளால் செய்து காட்டினார். வைக்கோல் இறுக அடைத்த கெட்டித் தலையணை. அதன்மேல் துளையிட்ட அட்டை மாதிரி. துளைதோறும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இரண்டிரண்டாகத் தொங்கும். எளிய ஓரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இணைகள். பெரிய பூவேலைக்கு அதைப்போல் பல மடங்கு. கையின் அசைவோ இரண்டே: ஒன்றன்மேல் ஒன்றைக் கடத்துவது, ஒன்றோடொன்றை முறுக்குவது. இந்த இரண்டை எந்த இணைக்கு, எப்போது செய்வது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. தாயார் பின்னும்போது கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி, ஓட்டின்மேல் மழை தொடங்குவதுபோல் இருக்குமாம். வேலையைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கைகழுவுவார். நூல் அழுக்கானால் விலை போகாது. விளக்கு வெளிச்சத்தில் செய்ய முடியாது. பகல் வெளிச்சமும் மூடுபனி விலகிய நேரத்தில்தான் கிடைக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு முடிய நாள்கள் பல ஆகும்.

அதை யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். எஸ்டேட் துரைசானிகள் வாங்கினார்கள். ஊருக்குப் போகும்போது பரிசாகக் கொண்டு செல்வார்கள். அந்தக் காசில்தான் மாமியாரின் பள்ளிக் கட்டணம் போயிற்று.

"அப்படியானால் இந்த நான்கும் எப்படி வீட்டில் தங்கின?" என்றார் மருமகள்.

மாமியார் ஒன்றை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இங்கே பாரு கண்ணு, இந்த இதழ்லே ஒரு இணை தப்பிப் போச்சு. இதிலே ஓரம் கோணல். குத்தம் இருந்தா எடுத்துக்க மாட்டாங்க. நல்லதெல்லாம் வித்துப்போச்சு. வித்துப்போகாததுதான் நமக்கு."

மருமகள் அந்த இதழையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காக நாகர்கோவில் பக்கம் சென்றிருந்தேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டுத் திண்ணைக்கு ஒரு பெண் துணிமூட்டையுடன் வந்து லேஸ் விரிப்புகளைப் பரப்பினாள். ஒரு வட்ட மேசை விரிப்புக்கு 600 ரூபாய் கேட்டாள். பேரம் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கடையில் இதைவிடப் பெரியது பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று இயந்திர லேஸின் விலையைச் சொல்லியே 350 ரூபாய்க்கு இறக்கினேன். அவள் மறுபேச்சின்றி மடித்துக் கொடுத்தாள். ஊர் திரும்பிப் பத்து வீட்டில் காட்டி, விலையையும் சொல்லி மகிழ்ந்தேன். கையால் பின்னியதற்கு இயந்திரத்தின் விலையை அளவுகோலாக வைத்தேன் என்பது ஏற்காட்டில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்பதும். அன்று மாலைக்குள் அவளுக்குக் காசு தேவைப்பட்டிருக்கும்.

இது ஒரு திண்ணையோடு முடியும் விஷயமன்று. ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நர்சாபூர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மறைபரப்பாளரால் பரவிய தொழில்தான். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குச் செல்லும் பொருளை நாளெல்லாம் செய்யும் அப்பெண்கள், தொழிலாளிகளாக எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்கும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டார்கள். கூலி குறைவாயிருக்க அந்த எண்ணமே போதுமான காரணமாயிற்று என்பது அவர் கண்ட முடிவு. நர்சாபூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல செய்திதான். ஆனால் குறியீடு பொருளுக்குக் கிடைக்கிறது. பின்னியவளின் கைக்குக் கூலி போய்ச் சேருகிறதா என்பது, வாங்குகிறவர்களான நம் கேள்வியிலும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அது வேலை ஆகாது என்று நாமே சொன்னால், பிறர் சொல்வதில் வியப்பென்ன?

இனி அந்த இளம் சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன்: லேஸ் விரிப்புக்கு இல்லத்தில் எது இடம்?

எல்லா விரிப்புகளும் முதலில் ஒரு தேவைக்காகவே வந்தவை. மெருகேற்றிய மேசையில் சூடான கோப்பையோ ஈரத் தம்ளரோ வைத்தால் வெண்வளையம் விழும். அதைத் தடுக்க ஒரு சிறு விரிப்பு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் டாய்லி என்ற பெயர்கூட, 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் பெயராம். ஆடவர் தலையில் மக்காசர் எண்ணெய் பூசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது மெத்தை கறைபட்டது. அதற்காகச் சாய்வின்மேல் ஒரு விரிப்பு வந்தது. தேங்காய் எண்ணெய் தடவும் நம் வீடுகளுக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். பால் குவளையின்மேல் இடும் வட்ட விரிப்புக்கு ஓரத்தில் மணிகள் கோப்பார்கள். காற்றில் பறக்காமலும், ஈ நுழையாமலும் இருக்க. இவற்றில் ஒன்றும் வெறும் அலங்காரமன்று.

தேவை போனபின்னும் விரிப்பு நின்றுவிடும்போதுதான் வீடு துணிக்கடையாகிறது. வானொலிமேல் போட்டோம், பிறகு தொலைக்காட்சிப் பெட்டிமேல் போட்டோம். பழைய பெட்டிகளின் மேற்புறத்தில் வெப்பம் வெளியேறத் துளைகள் இருந்தன. அவற்றையே மூடி வைத்தோம்! இன்றைய தொலைக்காட்சி சுவரில் படம்போல் தொங்குவதால் அந்தத் தொல்லை தானே தீர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிமேல் எதற்கு லேஸ் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை.

இதில் பீடத்தைப் பார்த்து நாம் கற்கலாம் என்பது என் எண்ணம். ஒரு காலத்தில் பீடத்துக்கு மூன்று துணிகள் விரித்தோம்; மேல் துணியின் ஓரத்தில் முழ அகலத்துக்கு லேஸ் தொங்கும். குருவின் வெள்ளங்கியிலும் லேஸ். பங்கின் பெண்கள் மாதக்கணக்கில் பின்னிக் கொடுத்தவை அவை. 1963-இல் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, ஆடம்பரத்தைவிட மேன்மையான எளிமையழகை நாடுமாறு கேட்டுக்கொண்டது. இன்று பீடத்துக்கு ஒரு வெண்துணியேனும் இருந்தால் போதும். அந்த லேஸ்களை எல்லாம் நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் பல பங்குகளில் வருத்தமான விடையே வரும். அதை இன்னொரு மாதம் பேசலாம். ஆனால் லேஸ் மலிந்திருந்த அந்நாளிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஆண்டவரின் திருவுடல் வைக்கப்படும் திருமேனித் துகில் மட்டும் நடுவில் பூவேலை எதுவுமின்றி வெறும் வெண்துணியாகவே இருந்தது. துகள் ஒன்று விழுந்தாலும் கண்ணில் பட வேண்டும், திரட்டி எடுக்க முடிய வேண்டும் என்பதற்காக. வேலைப்பாடு ஓரத்தில், பயன் நடுவில்.

வீட்டிலும் அப்படியே. சோறு உண்ணும் மேசையில் தட்டுக்கு அடியில் லேஸ் வேண்டாம்; குழம்பு சிந்திய லேஸைவிடத் துயரமான பொருள் இல்லை. விருந்தினருக்குக் காப்பி கொண்டுவரும் தட்டில் ஒன்று விரியுங்கள். வீட்டுப் பீடத்தில் படத்துக்கு அடியில் ஒன்று. ஆனால் அங்கே மெழுகுவர்த்தி எரியுமானால் நைலான் லேஸ் கூடவே கூடாது. தீப்பொறி பட்டால் அது உருகி ஒட்டிக்கொண்டு எரியும். பருத்தியாயினும் சுடருக்கு ஒரு முழத் தொலைவில் இருக்கட்டும்.

கரும்புள்ளிக்குக் காரணம் விரிப்புகள் அல்ல, ஈரத்தோடு மடித்து வைத்ததுதான். பூச்சி உருண்டை போட்டால் போதும் என்று மலைவாசிகள் பலர் நம்புகிறார்கள். அது பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சையை அன்று. பருத்தி லேஸை மென்மையான சோப்பு நீரில் ஊறவைத்து, கசக்காமலும் பிழியாமலும் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு தடித்த துணிமேல் வடிவம் சீராக்கி, துருப்பிடிக்காத குண்டூசிகள் குத்திக் காயவிடுங்கள். வெயில் வரும் நாளாகப் பார்த்துத் துவைப்பது ஏற்காட்டில் முக்கியம். பயன்படுத்தப் போகும் விரிப்புக்கு மட்டும் நீர்த்த சோற்றுக் கஞ்சி இடலாம். உள்ளே வைக்கப்போவதற்குக் கஞ்சி இட்டால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து வைத்தது போலாகும். மடித்தால் மடிப்பில் நூல் அறும். வெள்ளைத் துணியில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இரும்புப் பெட்டியின் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து, நன்கு அலசுங்கள். பால் கலந்த காப்பி சிந்தினால் முதலில் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும்; வெந்நீர் ஊற்றினால் பாலின் கறை நூலில் பிடித்துக்கொள்ளும்.

அன்று அந்தக் கட்டிலில் என்ன முடிவாயிற்று என்று கேட்பீர்கள். நைலான் விரிப்புகள் பதினாறையும் மாமியாரே ஒதுக்கிவிட்டார். "இதெல்லாம் எனக்கே பிடிக்காதுங்க. எல்லார் வீட்டிலேயும் இருக்குதுன்னு வாங்கினது" என்றார். மருமகள் சிரித்துவிட்டார், பல வாரங்களுக்குப் பின் அவ்வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அதுவாக இருக்கலாம். தாயாரின் நான்கில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டலாம் என்று மருமகள் கூற, அதுவும் கோணல் ஓரம் உள்ளதாக இருக்கட்டும் என்று மாமியார் தேர்ந்தெடுத்தார். குரோஷா விரிப்புகள் பதினொன்றைப் பற்றி உடன்பாடு ஏற்படவில்லை. ஐந்து போதும் என்பது மருமகள் கட்சி. நாற்காலிகளே நான்கு இருக்கின்றனவே என்பது மாமியார் கட்சி. நான் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டிமேல் ஒன்று மீண்டும் ஏறிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

சென்ற வாரம் இன்னொரு கடிதம் வந்தது. மருமகள் குரோஷா கற்கத் தொடங்கியிருக்கிறாராம். 60-ஆம் எண் நூல் மாமியாரின் கண்ணுக்கு இப்போது தெரிவதில்லை. ஆகவே 20-ஆம் எண் தடித்த நூலும் பெரிய ஊசியும் வாங்கி, மாலையில் கூடத்தில் இருவரும் உட்காருகிறார்களாம். முதல் இரண்டு சுற்று தட்டையாக வந்தது, மூன்றாம் சுற்றில் ஓரம் அலையலையாகச் சுருங்குகிறது, அத்தை அவிழ்க்கச் சொல்கிறார், ஏன் என்று கேட்டால் கையைப் பார் என்கிறார், நீங்கள் காரணம் சொல்லுங்கள் அக்கா என்று எழுதியிருக்கிறார். காரணம் எளிது. கண்கள் கூடிவிட்டன. கம்பப் பின்னலில் முதல் சுற்றுக்கு 12 என்றால், அடுத்த சுற்றுக்கு 24, மூன்றாவதற்கு 36. சுற்றுக்கு 12-க்கு மேல் கூட்டினால் அலையடிக்கும், குறைத்தால் கிண்ணம்போல் குவியும். அத்தை சொன்னபடி மூன்றாம் சுற்றை மட்டும் அவிழ்த்து, எண்ணிக்கொண்டே மறுபடி போடுங்கள்.